முதலில் ஈயை வளர்க்கப் பழகுங்கள்

(கல்லூரி விலங்கியல் மன்றத்தின் மாலைக் கூட்டத்தில், பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மாணவர்களோடு பெற்றோர்களும் வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வீட்டில் பூச்சி வளர்ப்பதற்குப் பிள்ளையின் ஆர்வம் மட்டும் போதாது. கொசுவத்தி கொளுத்துகிறவரும், அடுப்படியைக் கவனித்துக்கொள்கிறவரும் சம்மதிக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கும்பிடுபூச்சியைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். மழைக்குப் பிறகு வேலியோரத்திலும் செம்பருத்திச் செடியிலும் நிற்கும். சில இரவுகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் உட்காரும். வளர்ந்த அந்தப் பூச்சியைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. முட்டைக்கூட்டிலிருந்து அன்றைக்குத்தான் வெளியே வந்த, ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைப் பற்றித்தான் பேச்சு. வளர்ந்த பூச்சி சில நாள் பட்டினியைத் தாங்கிவிடும். குஞ்சு தாங்காது. ஆசையாக முட்டைக்கூட்டை எடுத்துவந்து வளர்ப்பவர்களின் பெரும்பாலான குஞ்சுகள் இறப்பது முதல் பத்துப் பதினைந்து நாட்களில்தான்.

பிரான்சின் தெற்குப் பகுதியில் செரிஞான் என்ற ஊரில் வாழ்ந்த ழான் ஆன்ரி ஃபாப்ர் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். பூச்சிகளைக் குண்டூசியில் குத்திப் பெட்டியில் அடுக்கி ஆராய்ந்த காலத்தில், அவற்றை உயிரோடு பார்த்து எழுதியவர் அவர். 1897இல் வெளிவந்த அவருடைய பூச்சி நூல் வரிசையின் ஐந்தாம் தொகுதியில் கும்பிடுபூச்சிக்கென்று தனி அத்தியாயங்களே உண்டு. கூடு கட்டுவது, இணை சேர்வது, குஞ்சு பொரிப்பது, பொரித்த குஞ்சுகளை எறும்புகள் கூட்டின் வாயிலில் காத்திருந்து கொண்டுபோவது என்று எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அவ்வளவு பெரிய மனிதராலும் குஞ்சுகளை வளர்க்க முடியவில்லை. அசுவினி கொடுத்துப் பார்த்தார். புல்லில் வலை வீசிச் சின்னஞ்சிறு பூச்சிகளைப் பிடித்துக் கொடுத்தார். வீட்டு ஈயைத் துண்டாக்கித் தொங்கவிட்டார். எதையும் அவை தொடவில்லை, பட்டினியில் மடிந்தன. தன் தோல்வியை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். அதனால்தான் அவர்மீது எனக்கு இவ்வளவு மதிப்பு.

ஃபாப்ருக்குக் கிடைக்காத ஒன்று இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. புட்டியில் தலைமுறை தலைமுறையாக வளரும் பழ ஈதான் அது. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஒரு பழ ஈயைக் கண்டார். மரபியலின் வரலாறு அதன்பின் எப்படி விரிந்தது என்பதை உங்கள் ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த ஆராய்ச்சியின் வழியாகவே சிறகு சுருங்கிப்போன, பறக்க முடியாத ஈக்களும் கிடைத்தன. பூச்சி வளர்க்கும் எண்ணத்தோடு யாரும் அவற்றை உருவாக்கவில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் கும்பிடுபூச்சி வளர்ப்பவர்கள் குஞ்சுக்குக் கொடுக்கும் முதல் தீனி இன்று அந்த ஈதான்.

நான் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். கும்பிடுபூச்சி வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் ஈ வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழ ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக வர 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாட்கள் ஆகும். கும்பிடுபூச்சிக் குஞ்சு பொரித்த முதல் ஓரிரு நாள் சாப்பிடாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு அதற்குப் போதும். மூன்றாம் நாள் அதற்குப் பசிக்கும். குஞ்சு பொரித்ததைப் பார்த்த பிறகு நீங்கள் வாழைப்பழத்தைத் தேடிப் போனால் ஈ வருவதற்குள் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்று முடித்திருக்கும். செடியில் கண்டெடுத்த கூடு என்றைக்கு இட்டது என்று நமக்குத் தெரியாது. நம் ஊர் வெப்பத்தில் இட்டு ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பொரித்துவிடலாம். நாளைக்கே பொரிக்கும் கூடாகவும் அது இருக்கலாம். ஆகவே ஈப்புட்டியில் ஈ நிறைந்த பிறகுதான் கூட்டைத் தேடிப் போக வேண்டும்.

ஈப்புட்டி வைப்பது பெரிய வித்தை இல்லை. வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்று. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, வறுத்த ரவையைக் கலந்து கெட்டியாக்கி, இரண்டு விரல் உயரத்துக்கு அடியில் போடுங்கள். மேலே பேக்கரிக்காரர்கள் பயன்படுத்தும் ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை தூவுங்கள். பழ ஈயின் புழுக்கள் பழத்தைவிட அதில் வளரும் ஈஸ்ட்டைத்தான் முக்கியமாக உண்கின்றன. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் வினிகர். ஈக்கள் ஏறி நிற்பதற்குக் கசக்கிய காகிதம் அல்லது காய்ந்த வைக்கோல். புட்டியைத் திறந்து வைத்தால் தோட்டத்து ஈ தானே வரும். இருபது முப்பது உள்ளே போனதும் மெல்லிய துணியால் வாயை மூடி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். தயிருக்கு உறைமோர் எடுத்து வைப்பதைப் போல, வாரம் ஒருமுறை பழைய புட்டியிலிருந்து கொஞ்சம் ஈயைப் புதிய புட்டிக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரே புட்டியை நம்பக் கூடாது. எப்போதும் மூன்று புட்டிகள் வெவ்வேறு பருவத்தில் இருக்கட்டும்.

தோட்டத்து ஈ பறக்கும். கூண்டைத் திறக்கும்போது பாதி வெளியே போய்விடும். புட்டியைச் சில நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈக்கள் சோர்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் எண்ணிக் கொட்டிவிடலாம். பறக்காத வகை வேண்டுமென்றால் கல்லூரியின் மரபியல் ஆய்வுக்கூடத்தில் கேட்டுப் பாருங்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பழ ஈ வகைகளைப் பேணுவதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. விலங்கியல் துறைகளுக்கு இது புதிய செய்தி இல்லை.

நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கோடை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் அறையைச் சூடாக்கச் சொல்லும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே ஆண் பழ ஈக்கள் மலடாகத் தொடங்குகின்றன. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிக்குக் கீழிருக்கும் அறையில் வைத்த புட்டியில் ஈ இருக்கும், அடுத்த தலைமுறை வராது. காரணம் தெரியாமல் பழத்தை மாற்றுவார்கள், ஈஸ்ட்டை மாற்றுவார்கள். புட்டியை மண்பானைக்குப் பக்கத்தில், ஈர மணல் பரப்பிய தட்டில், வெயில் படாத தரையில் வையுங்கள். அது போதும். கும்பிடுபூச்சிக் குஞ்சு இந்த வெப்பத்தை ஈயைவிட நன்றாகவே தாங்கும்.

இனிக் குஞ்சுக்கு வருவோம். நம் தோட்டங்களில் காணும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சிகள் பல ஹைரோடூலா பேரினத்தைச் சேர்ந்தவை. பெண் பூச்சி நுரையைப் பீய்ச்சி அதற்குள் முட்டைகளை அடுக்கும். நுரை காய்ந்து பழுப்பு நிறக் கூடாகிவிடும். ஒரு கூட்டிலிருந்து நூறு குஞ்சுகள் வரலாம், இருநூறைத் தாண்டியும் வரலாம். கூடு ஒட்டியிருக்கும் குச்சியோடு வெட்டி, செடியில் எந்த வாக்கில் இருந்ததோ அதே வாக்கில் ஒரு கூண்டுக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே ஒரு சாண் இடைவெளி வேண்டும். பெரும்பாலும் காலையில்தான் பொரிக்கும். முதலில் வருவது கும்பிடுபூச்சி போலவே இருக்காது. கைகால்கள் உடலோடு ஒட்டிய புழுவைப் போன்ற உருவம், மெல்லிய நூலில் தொங்கும். தொங்கியபடியே முதல் தோலை உரித்துக்கொண்டு ஆறு கால்களோடு வெளியே வரும். அந்த நேரத்தில் கூண்டைத் தட்டவோ தூக்கவோ கூடாது. சில நேரம் குஞ்சுகளுக்குப் பதிலாக மினுமினுக்கும் குட்டிக் குளவிகள் வரும். அவை போடாக்ரியான் என்ற ஒட்டுண்ணிக் குளவிகள். கும்பிடுபூச்சி முட்டைக்குள் தம் முட்டையை இட்டு வளர்பவை. அப்படி வந்தால் வருந்த வேண்டாம், அவற்றையும் வெளியே விட்டுவிடுங்கள். அவையும் அந்த வேலியைச் சேர்ந்தவைதான்.

எத்தனை குஞ்சுகளை வைத்துக்கொள்வது என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். என் கருத்து, முதல்முறை வளர்ப்பவர் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு குஞ்சுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு ஈ. இருநூறு குஞ்சு என்றால் தினம் எழுநூறு ஈ வேண்டும். எந்த வீட்டிலும் அது நடக்காது. மற்றவற்றைக் கூடு கிடைத்த அதே இடத்துச் செடிகளில், அந்திப் பொழுதில், ஒரே கிளையில் கொட்டாமல் பரவலாக விட்டுவிடுங்கள். எறும்பு ஏறும் செடியைத் தவிருங்கள். அவற்றில் பெரும்பகுதி பல்லிக்கும் சிலந்திக்கும் பறவைக்கும் இரையாகும் என்பது உண்மைதான். கும்பிடுபூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதே அதற்கு இடம் கொடுத்துத்தான்.

வைத்துக்கொண்ட குஞ்சுகளை ஆளுக்கொரு டப்பாவில் பிரித்துவிடுவதே நல்லது. முதல் ஓரிரு வாரம் சேர்த்து வைக்கலாம் என்பார்கள். தீனி தாராளமாக இருந்து, குச்சிகள் நிறைய வைத்து, ஒன்று மற்றொன்றின் கண்ணில் அடிக்கடி படாமல் இருந்தால் முடியும். தீனி ஒரு நாள் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். டப்பா பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய தொட்டியில் குஞ்சு ஒரு மூலையிலும் ஈ இன்னொரு மூலையிலும் இருந்தால் குஞ்சு பட்டினிதான். பத்துச் சென்டிமீட்டர் உயரமுள்ள டப்பா போதும். மூடியில் வட்டமாக வெட்டிக் கொசுவலைத் துணியை ஒட்டுங்கள். அந்தத் துணி காற்றுக்கு மட்டும் இல்லை. குஞ்சு தலைகீழாகப் பற்றித் தொங்குவதற்கும் அதுதான் இடம்.

தீனியை ஏன் உயிரோடு கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கும்பிடுபூச்சியின் பார்வையில் விடை இருக்கிறது. இரண்டு கண்ணாலும் பார்த்துத் தூரத்தை அளக்கும் பூச்சி இது என்று 1983இல் சாமுவேல் ரோசல் காட்டினார். பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெனி ரீட், விவேக் நித்யானந்தா ஆகியோரின் குழுவினர் கும்பிடுபூச்சிகளின் கண்ணுக்கு முன்னால் தேன்மெழுகால் சின்னஞ்சிறு கண்ணாடிகளை ஒட்டி, திரையில் முப்பரிமாணப் படம் காட்டிச் சோதித்தார்கள். 2018இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்பானது. மனிதக் கண் இரண்டு படங்களின் உருவத்தை ஒப்பிட்டுத் தூரம் அறிகிறது. கும்பிடுபூச்சி படத்தில் எந்த இடம் மாறுகிறதோ, அசைகிறதோ, அதை மட்டும் ஒப்பிடுகிறது. அசையாத இரைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஃபாப்ர் தொங்கவிட்ட ஈத்துண்டுகளை நினைத்துப் பாருங்கள். புட்டியில் செத்துக் கிடக்கும் ஈயைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தீனி கொடுத்தாயிற்று என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

இரையின் அளவு குஞ்சின் உடல் நீளத்தில் பாதிக்குள் இருக்கட்டும். எறும்பு கொடுக்கலாமா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். கூடாது. எறும்பு கடிக்கும், கூட்டமாக வந்தால் குஞ்சையே கொன்றுவிடும். கூண்டு வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சமையலறையில் நம் பாட்டிமார் செய்த ஏற்பாடுதான். குஞ்சுக்குப் போதுமான தீனி கிடைக்கிறதா என்பதை வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். தட்டையாக ஒட்டியிருந்தால் பசி. சற்று உப்பியிருந்தால் போதும்.

மூன்று நான்கு முறை தோலுரித்த பிறகு பழ ஈ அதற்குப் பற்றாது. சின்ன அந்துப்பூச்சி, வீட்டு ஈ, இளம் வெட்டுக்கிளி என்று மாற வேண்டும். இதற்கு நம் மாநிலத்தில் நல்ல வழி ஒன்று உண்டு. கரும்புத் துளைப்பானைக் கட்டுப்படுத்தும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியைப் பெருக்குவதற்காக, வேளாண் ஆய்வுக்கூடங்களில் உடைத்த கம்பில் கார்சைரா என்னும் அரிசி அந்துப்பூச்சியை வளர்க்கிறார்கள். பூச்சிமருந்து படாத, நோயில்லாத தீனி அது. வேளாண் கல்லூரி பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள், வளர்க்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயம் சிறியதுதான், ஆனால் அதனால்தான் பல குஞ்சுகள் போகின்றன. காலையும் மாலையும் டப்பாவின் சுவரில் பனித்துளி போல மெல்லியதாகத் தெளியுங்கள். குஞ்சு துளியை வாய்வைத்துக் குடிக்கும். அதன்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. ஒரு பெரிய துளியில் அது மாட்டிக்கொண்டால் மீளாது. கிண்ணத்தில் தண்ணீர் வைக்கவே கூடாது. குழாயில் குளோரின் வாடை வந்தால் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அடுத்த முறை தெளிப்பதற்குள் டப்பா காய்ந்திருக்க வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சணம் வரும்.

ஈரம் இவ்வளவு முக்கியமாவது தோலுரிப்பதற்காக. முதல் பருவங்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குஞ்சு தோலுரிக்கும். வளர்ந்து முடிப்பதற்குள் ஏழு எட்டு முறை. அதற்கு ஓரிரு நாள் முன்னால் தீனியைத் தொடாது. மூடித் துணியில் தலைகீழாகத் தொங்கியபடி அசையாமல் இருக்கும். நோய் வந்துவிட்டதோ என்று பயந்து எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். டப்பாவில் இருக்கும் ஈக்களை வெளியேற்றுங்கள். பழைய தோலிலிருந்து வழுகி வரும் குஞ்சின் மேல் ஈ ஊர்ந்தால் பிடி தவறி விழுந்துவிடும். விழுந்தால் உடம்பு வளைந்தபடியே இறுகிப்போகும். அதன் நீளத்தைப்போல மூன்று மடங்கு இடம் கீழே வெறுமையாக இருக்க வேண்டும். காற்று மிக வறண்டிருந்தால் பழைய தோல் காலைப் பிடித்துக்கொள்ளும். உரித்து முடித்த பிறகும் ஒரு நாள் தீனி வேண்டாம், உடல் இறுக வேண்டும். நடுக்காலோ பின்காலோ போய்விட்டால் மனம் தளராதீர்கள். அடுத்தடுத்த தோலுரிப்பில் அது மெல்ல மீண்டும் முளைக்கும்.

மூடியைத் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். குஞ்சு தாவும். சிறகு முளைக்காத இளம் கும்பிடுபூச்சிகள் எப்படிக் குறி தவறாமல் தாவுகின்றன என்று கேம்பிரிட்ஜில் மால்கம் பரோஸ் குழுவினர் ஆராய்ந்து 2015இல் எழுதினார்கள். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், வயிறு, முன்கால், பின்கால் மூன்றையும் சுழற்றி உடலைத் திருப்பிக்கொண்டு இலக்கில் போய் இறங்குகின்றன. உங்கள் மேசையில் வைத்தே அதைப் பார்க்கலாம். எதிரில் ஒரு குச்சியை நிறுத்தினால் போதும். தலையை இடமும் வலமும் அசைத்துத் தூரம் பார்த்துவிட்டுத் தாவும். அதைப் பார்த்த பிள்ளை பிறகு எந்தப் பூச்சியையும் காலால் நசுக்கத் தயங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையால் மட்டும் பிடிக்காதீர்கள். மெல்லிய தூரிகையை முன்னால் நீட்டுங்கள், அதுவாக ஏறும்.

இப்போது பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. கொசுவத்தியிலும், பிளக்கில் செருகும் கொசு மருந்திலும், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் இருப்பவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகள். பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த அறையில் கும்பிடுபூச்சிக் குஞ்சும் பிழைக்காது, ஈப்புட்டியும் பிழைக்காது. பிள்ளை ஒரு மாதம் காத்து வளர்த்ததை ஓர் இரவில் இழந்துவிட்டுக் காரணம் தெரியாமல் அழும். குஞ்சு இருக்கும் அறையில் வலை கட்டிப் படுங்கள். மருந்தடித்த பழத்தை ஈப்புட்டியில் போடாதீர்கள். வாழைப்பழத்தைத் தோல் நீக்கியே போடுங்கள்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் காங்கைலஸ் என்ற கும்பிடுபூச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய்ந்த இலையைப் போன்ற உடல், வயலின் போன்ற உருவம். உலகம் முழுவதும் வளர்ப்பவர்கள் ஏங்கும் பூச்சி. பறக்கும் இரையைத்தான் அது விரும்பும். பறக்காத பழ ஈ அதற்கு உதவாது. வெப்பமும் வெளிச்சமும் மிகுதியாக வேண்டும். மற்றக் கும்பிடுபூச்சிகளைவிடத் தன் இனத்தைத் தின்பது குறைவு என்பதால் சேர்த்தே வளர்க்கலாம். ஆனால் முதல்முறை வளர்ப்பவர்கள் இதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சரணாலயத்திலிருந்தோ தேசியப் பூங்காவிலிருந்தோ எந்தப் பூச்சியையும் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வெளிநாட்டு இனத்தின் முட்டைக்கூட்டை வரவழைத்து வளர்ப்பதையும் நான் ஏற்கமாட்டேன். சீனக் கும்பிடுபூச்சி 1896இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு அருகே வந்து சேர்ந்தது. இன்று அந்நாட்டில் பரவலாக வாழ்கிறது. அது தீங்கு செய்யும் பூச்சியையும் தின்னும், தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் தின்னும். உங்கள் வேலியில் பிறந்தது உங்கள் வேலிக்கே திரும்பட்டும்.

இந்தியாவில் 160க்கும் மேற்பட்ட கும்பிடுபூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் குஞ்சுப் பருவம் பற்றி அச்சில் கிடைப்பது மிகக் குறைவு. ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கூடு எந்தச் செடியில் கிடைத்தது, என்றைக்குப் பொரித்தது, எத்தனை குஞ்சு வந்தது, ஒவ்வொன்றும் எந்தெந்தத் தேதியில் தோலுரித்தது, என்ன தின்றது, எது எப்போது இறந்தது, அன்றைய வெப்பம் என்ன என்று தமிழிலேயே எழுதுங்கள். இறந்ததையும் விடாமல் எழுதுங்கள். ஆண்டு முடிவில் அந்த நோட்டை உங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் கொடுங்கள்.